இலையோரத்தில் இரண்டு கரண்டி காய்

சென்னை திருவல்லிக்கேணி. மதியம் ஒரு மணி. டோக்கன் வாங்கியவர்கள் மெஸ் படிக்கட்டில் நிற்கிறார்கள். உள்ளே ஒருவர் எழுந்தால்தான் வெளியே ஒருவருக்கு இடம். இலை விழுகிறது. பொரியல் ஒரு கரண்டி, கூட்டு ஒரு கரண்டி, ஓரத்தில் ஊறுகாய், மேலே அப்பளம். பின்னாலேயே சோற்று வாளி வருகிறது. சாம்பாருக்கு ஒரு குவியல், காரக்குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்குக் கொஞ்சம். கால் மணி நேரத்தில் இலை மடிக்கப்படுகிறது. நடுவில் யாராவது இன்னொரு கரண்டி பொரியல் கேட்டால் சப்ளையர் ஒரு கணம் தயங்குகிறார். சோறு கேட்டால் அந்தத் தயக்கம் இல்லை.

வெளிச்சாப்பாட்டின் சிக்கலில் பெரும்பகுதி அந்தத் தயக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஹோட்டல் சாப்பாடு உடம்புக்கு ஆகாது என்பதற்குச் சோடா உப்பு, கலப்படம், பழைய எண்ணெய் என்று காரணங்கள் அடுக்கப்படுவது வழக்கம். அவையும் உண்டுதான். ஆனால் மாதம் முப்பது நாளும் வெளியே சாப்பிடுபவரை மெல்ல மெல்லப் பாதிப்பது வேறு: சோறும் எண்ணெயும் உப்பும் தாராளமாக வருகின்றன, காய், பருப்பு, பழம் கேட்டாலும் எளிதில் வருவதில்லை. வீட்டில் ஆள் இருந்து சமைத்தால் இந்த ஏறுமாறு தானாகவே ஓரளவு சரியாகிவிடும். வெளியே சாப்பிடுபவர் அதை ஆர்டர் சொல்லும்போதே சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அடுப்பு எரியாத வீடுகள்

வெளிச்சாப்பாடு தமிழகத்துக்குப் புதிதல்ல. ரயில் வந்த காலத்தில் காபி கிளப்புகள் வந்தன. உடுப்பிக்காரர்களின் டிபன் கடைகள் தொடர்ந்தன. மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பியவர்கள் முனியாண்டி விலாஸ் என்ற பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலை தேடிய தலைமுறைகள் மெஸ்களை நம்பியே வாழ்ந்தன. ஆனால் அன்று வெளியே சாப்பிட்டவர் பெரும்பாலும் ஊரிலிருந்து தனியாக வந்த ஆண்பிள்ளை. கல்யாணம் ஆனால் அது முடிந்துவிடும்.

இப்போது அது முடிவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசைகட்டி நிற்கும் பி.ஜி. விடுதிகளில் பெண்களும் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரவுச் சாப்பாடு வாரத்தில் பாதி நாள் பையில் வருகிறது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகளில், இரண்டு பேருக்கு எதற்கு அடுப்பு மூட்டுவது என்று கேரியர் சாப்பாட்டுக்கு மாறிய முதியவர்களும் உண்டு. 2022–23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரக் குடும்பம் மாதம் செலவழிக்கும் நூறு ரூபாயில் பத்து ரூபாய்க்கு மேல் பானங்களுக்கும் பலகாரங்களுக்கும் தயார் உணவுக்கும் போகிறது. அரிசி, கோதுமைக்கு ஆகும் செலவைப் போல இது இரண்டு மடங்குக்கும் அதிகம்.

கல்லாவின் கணக்கு

ஹோட்டல்காரர் யாரையும் நோயாளியாக்க நினைப்பதில்லை. அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது, இலையில் விழுவதை அந்தக் கணக்குதான் முடிவுசெய்கிறது. ஒரு கிலோ அரிசியை வடித்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் சோறாகப் பெருகும். ஒரு கிலோ கீரையை ஆய்ந்து, அலசி, நறுக்கி, வதக்கினால் சில சின்னக் கிண்ணங்கள்தான் தேறும். ஆய்வதற்கு ஆள் கூலி தனி. பீன்ஸ் விலை திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. சாப்பாட்டு விலையை அதற்கேற்ப மாற்ற முடியாது. அதனால்தான் முட்டைக்கோஸ், பீட்ரூட், பூசணி, சௌசௌ என்று விலை அதிகம் ஆடாத நான்கைந்து காய்களே வாரம் முழுக்கச் சுற்றி வருகின்றன. உருளைக்கிழங்கு பொரியலாக வரும் நாளில் இலையில் காய்க்குரிய இடத்திலும் மாவுச்சத்தே இருக்கிறது. சாம்பாரில் பருப்பின் அளவும் இந்தக் கணக்குக்கு உட்பட்டதுதான். காலை பத்து மணிச் சாம்பாருக்கும் பந்தி நீண்டபிறகு இரண்டரை மணிக்கு வரும் சாம்பாருக்கும் உள்ள வித்தியாசம் மெஸ்ஸில் சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும்.

எண்ணெயின் கதை இன்னொரு விதம். கூட்ட நேரத்தில் தோசை மாஸ்டர் நிமிடத்துக்கு ஒரு தோசை எடுத்தாக வேண்டும். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலை ஒரு சுற்றுச் சுற்றினால் தோசை ஒட்டாது, சீக்கிரம் சிவக்கும், மொறுமொறுவென்று வரும். ரவா தோசையில் சல்லடைக் கண்களாக விழும் ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் எண்ணெய் இறங்குகிறது. பரோட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: மாவு பிசையும்போது எண்ணெய், உருண்டையை ஊறவைக்க எண்ணெய், வீசும்போது, சுற்றும்போது, கல்லில் போடும்போது என்று ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. கண்ணுக்குத் தெரியாமலே தட்டின் கனத்தை ஏற்றுவது இதுதான்.

உப்பு இன்னும் மறைவானது. மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு. தனித்தனியே எதுவும் கரிப்பதில்லை. ஃப்ரைடு ரைஸில் உப்போடு சோயா சாஸும் அஜினமோட்டோவும் சேர்கின்றன. அஜினமோட்டோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியே பழகிவிட்டது. சம எடையில் அதிலுள்ள சோடியம், சாதாரண உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்தத் தட்டில் உண்மையான சுமை உப்பும் சாஸும்.

பெட்டிச் செய்தி: ஒரு நாளுக்கு எவ்வளவு?

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவரின் தட்டு:

• காய்கறி, கீரை – 400 கிராம்
• பழம் – 100 கிராம்
• அரிசி, கோதுமை, சிறுதானியம் (சமைக்காத எடை) – 250 கிராம்
• பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி – 85 கிராம்
• பால் அல்லது தயிர் – 300 மி.லி.
• கொட்டைகள், விதைகள் – 35 கிராம்
• எண்ணெய், நெய் – 27 கிராம்

உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். தட்டில் ஏறத்தாழப் பாதி காயும் பழமும் என்பதுதான் இதன் சாரம். மெஸ் இலையில் வரும் பொரியலையும் கூட்டையும் சேர்த்தால் 100 கிராம் தேறுவதே கடினம்.

உடம்பு எழுதும் பில்

முதல் விளைவு அன்றைக்கே தெரிகிறது. குவியல் குவியலாகச் சோறு சாப்பிட்டவருக்கு மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது. நாலரைக்கு மறுபடியும் பசிக்கிறது. 400 கிராம் சோற்றில் 110 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. புரதம் 10 கிராம் அளவில்தான். ஜீரணத்தைத் தாமதப்படுத்த நார்ச்சத்தும் போதவில்லை. ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறி, வேகமாக இறங்குகிறது. நாலரை மணிப் பசிக்கு டீக்கடையில் கிடைப்பது பஜ்ஜியும் போண்டாவும் பிஸ்கட்டும்: மறுபடியும் மாவு, மறுபடியும் எண்ணெய்.

வருடக்கணக்கில் நடப்பது பரிசோதனைக்கூட ரிப்போர்ட்டில் தெரியவருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் நடத்திய ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் என்றது அது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வந்தது. இந்தியர்கள் உண்ணும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். இவர்கள் எல்லோரும் ஹோட்டலில் சாப்பிட்டுக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வீட்டு இலையிலும் சோறுதான் ராஜா. ஹோட்டல் அந்தப் பழக்கத்தையே இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பரிமாறுகிறது.

அந்த 2025 ஆய்வில் தமிழ்நாட்டு ஹோட்டல் மேசையோடு நேராகத் தொடர்புள்ள ஒரு செய்தி இருக்கிறது. சர்க்கரை என்று தெரிந்தவுடன் பலரும் முதலில் செய்வது, ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறுவது. மொத்த மாவுச்சத்து குறையாமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் வாய்ப்பு குறைவதாக ஆய்வில் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் வழிப் புரதத்தை வைத்தால் குறைய இடமிருக்கிறது. ஆக, எண்ணெய் மினுங்கும் மூன்று சப்பாத்தியும் தேங்காயும் முந்திரியும் அரைத்துவிட்ட குருமாவும் சாப்பிட்டுவிட்டு, சோறு சாப்பிடவில்லை என்று நிம்மதியடைவதில் பொருளில்லை. சிறுதானிய தோசைக்கும் இதே விதிதான். பெயர்ப்பலகையில் தினை இருந்தாலும் கல்லில் ஊற்றும் எண்ணெய் மாறுவதில்லை.

ரத்தசோகை பற்றிப் பேச்சு குறைவு. தமிழகத்தில் 15–49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் (53.4 சதவீதம்) ரத்தசோகை உள்ளவர்கள். வெளியே சாப்பிடும் பெண்களின் தட்டில் கீரையும் பயறும் ஈரலும் அபூர்வம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது மட்டும் தவறுவதில்லை. டீ, காபியிலுள்ள டானின் உணவிலிருந்து இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது அதனால்தான். காசு செலவில்லாத மாற்றம் இது: டீயை நாலு மணிக்குத் தள்ளிவைத்தால் போதும்.

இரவுப் பணிக்காரர்களுக்குக் கூடுதல் இடர். ராத்திரி நேரத்தில் இன்சுலின் வேலை மந்தமாகிறது. மதியம் சாப்பிடும் அதே பிரியாணியை நள்ளிரவில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை இன்னும் அதிகமாக ஏறுகிறது, இறங்கவும் நேரம் எடுக்கிறது. பதினொன்றரைக்குச் சாப்பிட்டுப் பன்னிரண்டுக்குப் படுப்பவர்களுக்கு நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் தனி.

காலை: நல்ல கையிருப்பு

தமிழ்நாட்டில் வெளியே சாப்பிடுபவருக்குக் காலை நேரம் ஒரு வரப்பிரசாதம். நீராவியில் வெந்த, புளிக்கவைத்த, அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி எந்தத் தெருவிலும் கிடைக்கிறது. இடியாப்பமும் நீராவியில் வெந்ததுதான், உளுந்தும் புளிப்பும் இல்லை என்பதைத் தவிர. இங்கே பிழை நேர்வது இட்லியில் அல்ல, அதைச் சுற்றி. ஐந்து இட்லி, ஒரு கெட்டிச் சட்னி, ஒரு வடை, கடைசியில் ஒரு காபி என்று போனால் மாவுச்சத்தே மிஞ்சும். மூன்று இட்லி, இரண்டு கிண்ணம் சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று கேட்டால் தட்டின் அமைப்பே மாறிவிடுகிறது. முட்டை கிடைக்காத சைவ ஹோட்டலில் கூடுதல் சாம்பார், அல்லது கிடைக்கும் நாளில் அடை. பல பருப்பு அரைத்த அடை, வெல்லத்தையும் வெண்ணெயையும் ஒதுக்கிவைத்து அவியலோடு வந்தால், ஹோட்டல் பலகாரங்களில் அதை மிஞ்ச எதுவுமில்லை. பெசரட்டு கிடைக்கும் கடையில் அதற்கும் அதே மரியாதை.

தோசையில் கல் தோசையும் ஊத்தப்பமும் ரோஸ்ட்டைவிட மேல். "எண்ணெய் கம்மியா, மெத்துன்னு" என்று மாஸ்டர் காதில் விழும்படி சொன்னால் பெரும்பாலும் நடக்கும். ஊத்தப்பத்தில் வெங்காயம், தக்காளி, கேரட் கூடுதலாகக் கேட்பதும் காயை உள்ளே கொண்டுவரும் வழி. பொங்கலும் பூரியும் வாரத்தில் ஒரு நாளுக்கு. பொங்கலின் வழவழப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்சல் பொட்டலத்தைப் பிரித்து இலையில் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

சர்க்கரை சேர்ந்த டீ தனிக் கணக்கு. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீ நாளைக்கு நாலு குடித்தால் அதுவே 30 கிராமைத் தாண்டும். சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டு டீக்கடையில் இதற்குத் தீர்வு ஒற்றைச் சொல்லில் இருக்கிறது: விதவுட். முதல் வாரம் கசக்கும். "சர்க்கரை கம்மி"யில் தொடங்கினால் அதுவும் தெரியாது.

மதியம்: வரிசையை மாற்றுவது

முழுச் சாப்பாட்டில் சோறு அளவில்லாதது, காய் அளவுள்ளது. அளவுச் சாப்பாடு வாங்கி, மிச்சப்படும் காசில் ஒரு காயோ முட்டையோ மீனோ தனியாக வாங்குவது பெரும்பாலான மெஸ்களில் கட்டுப்படியாகும். சில கடைகளில் கூடுதல் பொரியலுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு கிண்ணத்தில் தருகிறார்கள். மாதக் கணக்கு வைத்திருப்பவர் கல்லாவில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் இன்னும் சுலபம். சோறு ஒரு கரண்டி குறைவாகவும் கூட்டு ஒரு கரண்டி அதிகமாகவும் போடுவதில் மெஸ்காரருக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

சாப்பிடும் வரிசைக்கும் பலன் உண்டு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால், அதே உணவுக்கே ரத்தச் சர்க்கரை குறைவாக ஏறுவதைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மெஸ் இலையில் இது தானாகவே கைகூடும். பொரியலும் கூட்டும்தான் முதலில் வருகின்றன. சோற்று வாளி வரும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தேவையில்லை. மோரை மட்டும் விட்டுவிடக் கூடாது. அப்பளமும் ஊறுகாயும் தினமும் இலையில் இருந்தாக வேண்டியவை அல்ல. ரத்தக்கொதிப்பு உள்ளவர் முதலில் ஒதுக்க வேண்டியவை இவைதான்.

அசைவக் கடையில் மீன் குழம்பு நல்ல தேர்வு. வறுத்த மீனைவிடக் குழம்பு மீனில் எண்ணெய் குறைவு. பிரியாணியில் கறித்துண்டு இரண்டு, சோறு ஒரு மலை. பக்கத்தில் வரும் வெங்காயப் பச்சடியை இரண்டாம் முறை கேட்டு வாங்குவதும் சிக்கன் 65-க்குப் பதில் அவித்த முட்டை கேட்பதும் அந்தத் தட்டில் செய்யக்கூடிய சின்னத் திருத்தங்கள். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். மெஸ்ஸிலிருந்து அலுவலகத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்காமல் நடந்தாலே அது முடிந்துவிடும்.

பெட்டிச் செய்தி: எண்ணெய், காகிதம், மயோனைஸ்

• பொரித்த எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் (எண்ணெய் கெடும்போது உருவாகுபவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இந்த விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குத் தெரியும் அறிகுறிகள்: கறுத்த நிறம், அடங்காத நுரை, பொருள் போடும் முன்பே எழும் புகை.
• எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் சட்டம். அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் இந்தக் கொழுப்பு மறுபடி உருவாகும்.
• செய்தித்தாளில் வடையைப் பிழிவதும் மடிப்பதும் கூடாது; அச்சு மையின் வேதிப்பொருட்கள் சூடான எண்ணெயோடு உணவில் இறங்குகின்றன.
• பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் எளிதில் பெருகுவதே காரணம்.
• சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிடந்தால் கிருமி பெருகும். பார்சலில் முதலில் கெடுவது தேங்காய்ச் சட்னி.

மாலை: கடற்கரைச் சுண்டல்

ஊட்டச்சத்துக் கணக்குப் பார்த்தால் சென்னைத் தெருக்களில் விற்பதில் தலைசிறந்த பொருள்களில் ஒன்றை மெரினாவில் பொழுதுபோக்குக்காகக் கொறிக்கிறார்கள். அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கின்றன. பட்டாணியும் அதற்குச் சளைத்ததல்ல. நவராத்திரி ஒன்பது நாளும் வீடு வீடாகச் சுண்டல் கிடைக்கும் ஊரில் மிச்ச நாளெல்லாம் மாலையில் பஜ்ஜி என்பது விந்தைதான். வேகவைத்த வேர்க்கடலை, சோளம், வண்டியில் வரும் வாழைத்தண்டு சூப், கொய்யா எல்லாம் இதே வரிசை. கொய்யா ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள பழம். மிளகாய்ப்பொடி, உப்பு தூவாமல் கேட்டு வாங்க வேண்டும். வெட்டி வைத்த பழத்தைவிடக் கண்முன் வெட்டிய பழம் நல்லது. எதுவும் கிடைக்காத இடத்திலும் டீக்கடை முன்னால் வாழைத்தார் தொங்கும்.

கோடையில் வரும் கம்மங்கூழ் வண்டி தனியாகக் குறிப்பிடத்தக்கது. மோர் ஊற்றிக் கரைத்த கூழும் சின்ன வெங்காயமும் வயிற்றுக்கு இதம். மோர்மிளகாய், வற்றல், ஊறுகாய் என்று தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் ஏழெட்டுக் கிண்ணங்களில்தான் உப்பு காத்திருக்கிறது.

இரவு: கையேந்தி பவனும் கைப்பேசியும்

எட்டு மணிக்கு மேல் தேர்வுகள் சுருங்குகின்றன. மெஸ் மூடிவிடும். மிச்சமிருப்பவை பரோட்டாக் கடை, ஃப்ரைடு ரைஸ் வண்டி, கைப்பேசிச் செயலி. பசியும் களைப்பும் சேர்ந்த நேரம் என்பதால் கட்டுப்பாடும் குறைந்திருக்கும். மூன்று பரோட்டாவும் சால்னாவும் மலிவாக வயிறு நிறைக்கும். அதில் காய் என்று ஒன்று கிடையாது, புரதமும் சொற்பம். அதே கையேந்தி பவனில் இட்லி இருக்கும், முட்டை தோசை இருக்கும், கலக்கி இருக்கும். கலக்கி இரண்டும் இட்லி மூன்றும் என்றால் விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பரோட்டா இல்லாமல் முடியாது என்ற நாளில் ஒன்றோடு நிறுத்தி, கூட இரண்டு முட்டை.

செயலி வேறு வகையான சிக்கல். கடைக்காரரிடம் பேசி மாற்ற வாய்ப்பில்லை. "இன்னும் கொஞ்சம் ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்ற வரி, தேவையில்லாத குலாப் ஜாமூனையோ குளிர்பானத்தையோ கூடையில் சேர்க்க வைக்கிறது. காம்போ என்பது பெரும்பாலும் மாவுக்கு மேல் மாவு, அதற்கு மேல் சர்க்கரைத் தண்ணீர். சில சின்ன வழிகள் உதவும்: பசி வருமுன் ஏழு மணிக்கே ஆர்டரை முடிப்பது, குறைந்தபட்சத் தொகையைத் தயிர், முட்டை, சாலட், தந்தூரி போன்றவற்றால் நிரப்புவது, இருவருக்குரிய ஃப்ரைடு ரைஸை ஒருவர் சாப்பிட்டு முடிக்காமல் வாங்கியவுடனே பாதியை எடுத்து வைத்துக் குளிர்பெட்டியில் போடுவது.

பத்து அல்லது அதற்கு மேல் கிளைகளுள்ள உணவகங்கள் தங்கள் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 முதல் இருக்கிறது. சங்கிலி உணவகங்களில் அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் படிப்பது வீணல்ல. அடுத்தடுத்த வரியிலுள்ள இரண்டு பண்டங்களுக்கு இடையே ஒரு வேளைச் சாப்பாட்டு வித்தியாசம் இருப்பதுண்டு. மெஸ்ஸுக்கும் தள்ளுவண்டிக்கும் இந்த விதி கிடையாது. சாப்பிடும் மக்களில் பெரும்பாலோர் அங்கேதான் சாப்பிடுகிறார்கள் என்பது அந்த விதியின் குறை.

செலவு எங்கே கூடுகிறது?

சத்தாகச் சாப்பிட்டால் செலவு அதிகம் என்பது பாதி உண்மை. பாதாம், அவகாடோ, புரதப் பொடி என்று போனால் நிச்சயம் அதிகம். அவித்த முட்டை, சுண்டல், மோர், வாழைப்பழம், வேர்க்கடலை என்று போனால் ஒரு பர்கர் விலைக்கு இரண்டு நாள் ஓடும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ 50 கிராம். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கிண்ணம் தயிர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை இருந்தால் அதில் பாதிக்கு மேல் கணக்காகிவிடும். மிச்சத்தைச் சாம்பாரும் சோறும் தோசையும் பார்த்துக்கொள்ளும்.

உண்மையில் விலை அதிகமாக இருப்பது காய்க்குத்தான். சென்னை மாநகராட்சி 2013-இல் தொடங்கிய, அம்மா உணவகம் என்று பெயர்பெற்ற மலிவு விலை உணவகங்களில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம் கிடைத்தன. பசியைப் போக்கியதில் அந்தத் திட்டத்துக்கு ஈடில்லை. ஆனாலும் அந்தத் தட்டிலும் தனியாக ஒரு காய் வரவில்லை. அரசு மானியத்துக்கும் கட்டுப்படியாகாத காயை மெஸ்காரர் மட்டும் அள்ளிக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதனால் வெளியே சாப்பிடுபவரின் பட்ஜெட்டில் காய்க்கும் பழத்துக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்குவது தேவையாகிறது.

அறையில் அடுப்பு இல்லாமல்

பி.ஜி. விடுதிகள் பலவற்றில் இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தடை. மின்கெட்டிலை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். அது இல்லாமலேகூட ஒரு வேளையின் பாதியை அறையிலேயே முடிக்கலாம். வெள்ளரி, கேரட், தக்காளி வெட்டினால் போதும். வாரத்துக்கு இரண்டு முறை வாங்கினால் வாடாமல் இருக்கும். கெட்டி அவலைத் தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிடம் கழித்துத் தயிர் விட்டால் காலைச் சாப்பாடு. பச்சைப்பயறை இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளைவிடும். முளைப்பயறை அப்படியே தின்னாமல் கெட்டிலில் கொதித்த நீரில் சில நிமிடம் வேகவிட்டு எடுப்பது கிருமிக்குப் பாதுகாப்பு. மெஸ்ஸிலிருந்து சோறு வாங்காமல் குழம்பும் கூட்டும் மட்டும் பார்சல் எடுப்பவர்களும் உண்டு.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே நாளில் பொருந்தாது. சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆர்டர் தாமதமாகும் இரவுகளில் ஊசி போட்டுவிட்டு டெலிவரிக்காகக் காத்திருப்பதும் கூடாது, உணவு கையில் வந்தபிறகுதான் ஊசி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு, முட்டை, பழம் எதையும் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அவர்களுக்குப் புரதத்துக்கும் பொட்டாசியத்துக்கும் தனி வரம்பு இருக்கிறது.